மூடி போட்ட படம்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படக்காரி என்று பெயர். விழியின் உட்புறத்தைப் படமெடுக்கும் இருட்டறை அவளுடைய ராஜ்ஜியம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. டாக்டரே "படக்காரியைக் கூப்பிடுங்க" என்றுதான் ஆள் அனுப்புவார். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதில்லை. அவளுடைய கேமராவை யாராவது குறை சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

போன மாதம்கூட வந்தது. புதுக் கேமரா விற்க வந்த ஒருவன், கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டே, "வயசாக ஆக சென்சார்ல இரைச்சல் கூடிடும் மேடம். படம் பூரா மணல் தூவின மாதிரி ஆயிடும்" என்று ஆரம்பித்தான். தினமும் முதல் நோயாளி வருமுன் லென்ஸை மூடி வைத்து ஒரு படம் எடுப்பது அவள் வழக்கம். வெளிச்சமே புகாத படத்தில் ஏதாவது தெரிந்தால் அது கேமரா தானாகக் கிளப்பிய புரளி, கண்ணில் இருப்பது அல்ல. மெஷின் வந்த புதிதில் எடுத்த கறுப்புப் படத்தையும் அன்று காலையில் எடுத்ததையும் டாக்டர் முன்னால் அருகருகே திறந்து வைத்தாள். மணல் இரண்டிலும் ஒரே அளவுதான். வயதானதற்கு அடையாளமாக நாலைந்து புள்ளிகள் வந்து நிரந்தரமாகக் குடியேறியிருந்தன, அவ்வளவே. அவற்றில் மேல் மூலையில் இருக்கும் சிவப்புப் புள்ளிக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. யார் கண்ணைப் படமெடுத்தாலும் அழைக்காமலே வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் சிரித்துவிட்டார். வந்தவன் பையை மூடிக்கொண்டு கிளம்பினான்.

இன்று அந்தக் கேமராவின் முன்னால் தாடையைத் தாங்கியில் பதித்து உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன்.

அண்ணன் பஸ் டிரைவர். அப்பா இறந்த வருஷமே ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவளுடைய படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்தப் பஸ்ஸில் ஏறி வந்தவைதான். நீங்கள் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "அம்பது பேரை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு ஓட்டுறேன். இதுல இன்னொரு ஆளு வேறயா?" என்பார். உடம்பில் சர்க்கரை இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு தடவை, கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் டிப்போவில் வண்டியைத் தொட விடுவார்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் வந்திருந்தார்.

"பல்லைக் காட்டணுமா குட்டி?"

"கண்ணைத் திறந்தா போதும். ஆடாம இருங்கண்ணே."

ஒளி பளிச்சிட்டது. திரையில் அண்ணனின் கண் ஆரஞ்சு நிறத்தில் விரிந்தது. மூலையில் மாப்பிள்ளை. அதோடு நிற்கவில்லை. நடுப்பகுதியைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள், அவற்றுக்கிடையே மஞ்சள் துகள்கள். போன வருஷப் படத்தில் இவை எதுவுமே இல்லை. சர்க்கரை ரத்தக் குழாய்களை அரித்துக் கசிய வைத்தால் கண் இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஊசியும் லேசரும் பார்வையைக் காப்பாற்றலாம். கையெழுத்து மட்டும் கிடைக்காது. இந்த வருஷம் நிச்சயம் கிடைக்காது, ஒருவேளை இனி எப்போதுமே கிடைக்காது.

அந்த நொடியில் அவளுக்கு ஞாபகம் வந்தது ஏசி. இரண்டு நாளாக அது ஓடவில்லை. கேமராவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. சூடேறினால் சென்சாரில் புள்ளிகள் முளைக்கும். கைக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"டாக்டர், இந்தப் படத்தை நம்பாதீங்க. மெஷின் கொதிக்குது. அதுக்கும் வயசாயிடுச்சு. புள்ளி புள்ளியா விழுது."

டாக்டர் தன் திரையில் படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீங்களா இதைச் சொல்றீங்க?"

அவள் திரையில் அந்தப் புள்ளிகளைச் சுட்டிக் காட்டினாள்.

"யாரோட கண்ணு?"

"எங்க அண்ணன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சூட்டுல புள்ளி கூடும்தான், நான் இல்லைன்னு சொல்லலை. அணைச்சு நல்லா ஆறவிட்டு மறுபடி எடுங்க. எப்படியும் நான் லென்ஸ் வச்சு நேரா பார்க்கத்தான் போறேன். அதுவரைக்கும் எதுவும் எழுதலை" என்றார். அந்தக் குரலில் கண்டிப்பு இல்லை. கண்டித்திருந்தாலாவது அவளுக்குத் தேவலாம்போல் இருந்தது.

கேமராவை அணைத்து, வரவேற்பறையிலிருந்து மேசை விசிறியைத் தூக்கி வந்து அதன் முன்னால் வைத்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெஷினுக்குக் காற்று வாங்கிக் கொடுக்கும் தங்கையின் நிழல் மட்டும் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன, வண்டி சூடாயிடுச்சா? ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்னா சொல்லு."

"சும்மா இருங்கண்ணே."

"எனக்கு ஒண்ணுமில்ல குட்டி. உன் மெஷினுக்குத்தான் கண்ணு போச்சு."

"ஆமாண்ணே. பழசு, அதான்" என்றாள்.

அந்தக் கேமராவை அவள் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று அது கெட்டுத்தான் போயிருக்க வேண்டும், மணலாகக் கொட்ட வேண்டும், விற்க வந்தவன் சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் பலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவன் திரும்பி வந்தால் காபி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருந்தாள்.

முதுகு நன்றாகக் குளிர்ந்த பிறகு கேமராவைப் போட்டாள். முதலில் லென்ஸை மூடி ஒரு படம். திரையில் கறுப்பு விரிந்தது. மூலையில் மாப்பிள்ளை, அங்கங்கே பழைய குடித்தனக்காரர்கள். புதிதாக ஒன்றுமில்லை. மெஷின் வந்த புதிதில் எடுத்த கறுப்புப் படத்தைப் பக்கத்தில் வைத்து, இல்லாத மணலைத் தேடினாள். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் அந்தப் பழைய புள்ளிகளைத் தவிர இரண்டு கறுப்பும் ஒன்றாகத்தான் இருந்தன.

இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அண்ணனை மறுபடி உட்கார வைத்தாள்.

"கேமராவுக்குள்ள ஒரு பச்சை வெளிச்சம் தெரியுதுல்ல, அதையே பாருங்க."

ஒரு படம் எடுத்தாள். அந்தப் பச்சை வெளிச்சத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப அது போன இடத்தைப் பாருங்க."

இன்னொரு படம். கேமராவின் புள்ளி என்றால், கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் படத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். கண்ணின் புள்ளி என்றால் கண்ணோடு கூடவே போகும். அவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் போட்டாள். மாப்பிள்ளை அசையவில்லை. நடுவிலிருந்த சிவப்பும் மஞ்சளும் ஒன்று விடாமல், அண்ணனின் பார்வையோடு சேர்ந்து நகர்ந்திருந்தன.

கேமரா ஒரு தப்பும் செய்யவில்லை. இத்தனை வருஷமாக அவள் அதைப்பற்றி என்ன சொன்னாளோ, அப்படியே நடந்துகொண்டது. அதை எட்டி உதைக்க வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அண்ணன் முன்னால் இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"என்ன குட்டி, சத்தத்தையே காணோம்? மெஷின் எப்படி இருக்கு?"

அவள் லென்ஸ் மூடியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் நல்லாத்தாண்ணே இருக்கு."

அண்ணன் தாடையைத் தாங்கியிலிருந்து உடனே எடுக்கவில்லை. பச்சை வெளிச்சம் அணைந்த பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, கறுப்புக் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ரோட்டு நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்கான் இல்ல, அது கொஞ்ச நாளா நெளிஞ்சு நெளிஞ்சு போகுது" என்றார். "நேர் ரோடுதான். எனக்குத் தெரியாத ரோடா? ஆனா நெளியுது. நான் கோடு போட்டவனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"அண்ணே, ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உங்கிட்ட சொன்னா படம் எடுப்பே."

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார். எழுத்து பிடிபடவில்லை. சொட்டு மருந்தினால் இருக்கும், இல்லாமலும் இருக்கும். போனை அவளிடம் நீட்டினார்.

"டிப்போவுக்குப் போட்டுக் குடு குட்டி. சாயங்கால வண்டிக்கு வேற ஆளைப் போடச் சொல்லணும்."

அவள் எண்ணைத் தேடி எடுத்து, மணியடிக்கத் தொடங்கியதும், போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.