ஐஸ் கிண்ணம்

"ஃப்ரிட்ஜை யாரு தொறந்தது?"

மருமகளோடு பக்கத்து வீட்டில் பேசிவிட்டுத் திரும்பிய தாயார் சமையலறையின் நடுவில் நின்று கேட்டாள். தரையில் நான்கு ஈரச் செருப்புத் தடங்கள் இருந்தன. பின்வாசலுக்கு வெளியே, பயிற்சிக் கொட்டகையில், அவளுடைய ஒரே மகன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். இடது புருவத்தில் பழைய காயம் மறுபடி பிளந்து, ரத்தம் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. குத்துச்சண்டைப் பட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. தாயாரின் கவலை அதுவல்ல.

"நான்தான்மா," என்றார் கொட்டகையில் நின்றவர். "மூணு தடவ தட்டினேன். யாரும் வரல. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்கிடுச்சு. ஐஸ் மட்டும்தான் எடுத்தேன்."

"உள்ள வந்தியா?"

"நாலு எட்டுதான்மா."

"தொடாத! இன்னமே எதையும் தொடாத! அங்கேயே நில்லு!"

அவரைப் பஞ்சண்ணன் என்பார்கள். காதில் எப்போதும் ஒரு பஞ்சுக் குச்சி செருகியிருக்கும், அதனால் வந்த பெயர். குத்துச்சண்டையில் காயம் பார்ப்பது ஒரு தனித் தொழில். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் அறுபது விநாடிக்குள் ரத்தத்தை நிறுத்தி, வீக்கத்தை அமுக்கி, ஆளை மறுபடி எழுப்பி அனுப்ப வேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் டாக்டர் கையை ஆட்டிவிடுவார். அதோடு சண்டை முடிந்தது. பதினோரு வருஷமாக இந்த வீட்டுப் பிள்ளையின் ரத்தத்தைத் துடைத்தவர் பஞ்சண்ணன். அவன் வாயில் விரலை விட்டுப் பல் காப்பை எடுத்தவர், அந்த வாயில் தண்ணீர் ஊற்றியவர், அவன் துப்பிய எச்சிலை வாளியில் ஏந்தியவர். குத்துச்சண்டை வளையத்துக்குள் இதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

வீட்டில் மட்டும் தெரிந்தது. பஞ்சண்ணனின் தகப்பனார் தோல் பதனிடும் தொட்டியில் இடுப்பளவு நின்று வேலை பார்த்தவர், அவருக்கு முன்னால் பாட்டனாரும் அப்படியே. ஆகவே பஞ்சண்ணன் முன்வாசல் வழியாக வரக் கூடாது, பின்வாசல் படியைத் தாண்டக் கூடாது. ஐஸ் வேண்டுமென்றால் குரல் கொடுக்க வேண்டும். தாயார் விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஐஸைப் போட்டுப் படியில் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போவாள். அதன் பிறகு அவர் எடுத்துக்கொள்ளலாம். கைக்குக் கை கொடுத்ததே கிடையாது. மகனின் முதல் கையுறைகளை மட்டும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் தினமும் துடைக்கிறாள். அதுவும் தோல்தான். அது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வருமானம் நின்றிருக்குமே!

அன்று அந்த வீட்டில் ஒரு பெரிய வேலை நடந்தது. மருமகள் ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். பாலைச் சாக்கடையில் கொட்டினார்கள். காய்கறிகள் குப்பைக்குப் போயின. ஐஸ் தட்டுகளைத் தாயார் குச்சியால் தள்ளித் தெருவில் எறிந்தாள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு மறுபடி சோப்பு.

"ஐஸ்தானே அத்தை எடுத்தாரு," என்றாள் மருமகள், மெதுவாக.

"வாய மூடிட்டுத் தேய்."

இதையெல்லாம் மகன், அந்தக் குத்துச்சண்டை வீரன், பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணால்தான், இருந்தாலும் பார்த்தான். எதிராளியின் முஷ்டி மூக்குக்கு நேரே வரும்போது இமைக்காதவன் என்று பத்திரிகைகள் எழுதுமே, அந்த மகாவீரன் இப்போது தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். அம்மா வீட்டுக்குள் போன பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. அம்மா பழைய ஆளு."

"அம்மா பழைய ஆளு, சரி. நீங்க எந்தக் காலத்து ஆளு தம்பி?"

வீரன் மறுபடி கட்டைவிரலுக்குத் திரும்பினான். பஞ்சண்ணன் மிச்சமிருந்த ஐஸைத் துணியில் சுற்றி, புருவத்தில் வைத்து அழுத்தினார்.

போட்டி நாள் வந்தது. மேடைக்கு இரண்டடி தூரத்தில், முன்வரிசையில், தாயார் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து சுற்றுவரை எல்லாம் நன்றாகப் போனது. ஆறாவது சுற்றில் எதிராளியின் இடதுகைக் குத்து ஒன்று சரியாக அந்தப் புருவத்தில் விழுந்தது. ரத்தம் கொட்டியது. மணி அடித்தது. வீரன் தடுமாறி வந்து மூலை முக்காலியில் விழுந்தான். டாக்டர் கயிற்றோரம் வந்து நின்றுகொண்டு, "இது நிக்கலேன்னா நிறுத்திடுவேன்," என்றார்.

பஞ்சண்ணன் பல் காப்பை எடுத்தார். முகத்தைத் துடைத்தார். காதிலிருந்த குச்சியை உருவி மருந்தில் தோய்த்தார். கை புருவத்துக்கு ஒரு விரல்கடை தூரம் வரை போய், அங்கேயே நின்றது.

"தொடலாமா தம்பி?"

"என்னண்ணே?"

"கேக்கறேன். தொடலாமா?"

"வெளையாடாதீங்கண்ணே, நேரம் போவுது!"

"தொடாதன்னு அன்னிக்கு அம்மா சொன்னாங்க. நீங்க இல்லன்னு சொல்லல. அம்மா இங்கதான் இருக்காங்க. கேட்டுச் சொல்லுங்க."

தொழில்படி இது தப்பு. பஞ்சண்ணனுக்கும் அது தெரியும். பதினோரு வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான். பதினைந்து விநாடி ஓடிவிட்டது. வீரன் அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் கோபமாக இருந்திருந்தால் கெஞ்சியிருப்பான். அது சும்மா, கேட்டுவிட்டுக் காத்திருக்கும் முகமாக இருந்தது. அவன் கயிற்றுப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினான்.

"அம்மா! அண்ணன் தொடலாமான்னு கேக்கறாரு!"

தாயார் எழுந்தாள். மகன் முகத்தில் வழியும் ரத்தத்தைப் பார்த்தாள். கையை ஆட்டத் தயாராக நிற்கும் டாக்டரைப் பார்த்தாள். மேடைக்கு மேலே தொங்கிய பட்டத்தின் படத்தையும் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"தொடு! தொடுப்பா! ஐயோ, சீக்கிரமாத் தொட்டுத் தொலையேன்!"

மூலையில் இருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. அரங்கம் முழுக்கக் கேட்டது. வீடுகளில் டிவி பார்த்தவர்களுக்கும் கேட்டது. எதற்கு ஒரு தாய் இப்படிக் கத்துகிறாள் என்று யாருக்கும் புரிந்திருக்காது. புரிய வேண்டிய மூன்று பேருக்குப் புரிந்தது.

மிச்சம் முப்பத்தைந்து விநாடி. பஞ்சண்ணனுக்கு அது போதும். ரத்தம் நின்றது. ஒன்பதாவது சுற்றில் எதிராளி தரையைப் பார்த்து விழுந்து, எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. பட்டம் கைக்கு வந்தது. தாயார் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அகலமான இடுப்புப் பட்டை, நடுவில் பொன்முலாம் பூசிய தகடு, மற்றதெல்லாம் தோல்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புகைப்படக்காரர்கள் வருவதாக இருந்தது. வீரனின் இடது கண் வீங்கி முழுதாக மூடிவிட்டது. இந்த மூஞ்சியோடு எப்படிப் படம் எடுப்பது? மருமகள் போன் செய்தாள். பஞ்சண்ணன் பெட்டியோடு வந்தார். ஆனால் பின்பக்கம் போகவில்லை. முன்கதவில் வந்து மணியை அழுத்தினார்.

தாயார் கதவைத் திறந்தாள். தெருவில் ஏற்கனவே இரண்டு கேமராக்காரர்கள் நின்றிருந்ததால் சிரித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தினாள்.

"பின்பக்கமா வாயேம்ப்பா."

"நேத்து ஊரே கேக்கத் தொடுன்னீங்களேம்மா."

"அது வேற, இது வேற. அது வெளியிடம். இது வீடு."

"சரிங்கம்மா." அவர் வாசற்படிக்குக் கீழே, தெருவிலேயே பெட்டியை வைத்துத் திறந்தார். "அப்படின்னா காயம் வெளிய வரட்டும்."

தாயார் மகனைப் பார்த்தாள். இந்த ஆளை அதட்டு என்று கண்ணால் சொன்னாள். வீரன் யாரையும் அதட்டவில்லை. மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி, தெருவுக்கு வந்து உட்கார்ந்தான். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை, கண் வலித்தது. கேமராக்காரர்கள் பக்கத்தில் வந்தார்கள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. பஞ்சண்ணன் வீக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஐஸ் வேணும்மா," என்றார்.

கேமராக்கள் ஓடும்போது உடைந்த கிண்ணத்தைக் கொண்டுவர முடியுமா? தாயார் உள்ளே போய், விருந்தினருக்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸை நிரப்பி வந்தாள். படி இறங்கினாள். படத்தில் விழுவதற்காகச் சிரித்தபடி, இரண்டு கையாலும் அதை அவர் கைக்கு நேராக நீட்டினாள்.

பஞ்சண்ணன் தன் கைகளைத் துண்டில் துடைத்து, முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"கீழ வைங்கம்மா," என்றார். "வெச்சுட்டு ரெண்டு எட்டு பின்னால போங்க. எடுத்துக்கறேன்."

கேமராக்கள் சொடுக்கிக்கொண்டே இருந்தன. கிண்ணத்தின் குளிர் விரலில் ஏறியது. தாயார் தெருத் தரைவரை குனிந்தாள்.