ஹுல்ஸ்மான் வரிசை

கெர்டுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அலுப்பு அதையும் தாண்டிவிட்டது. மனசில் மிச்சமிருந்தது ஒரே ஆசைதான். செத்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். அதற்கு ஒரு அந்நியனிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. என்ன பிழைப்போ!

ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா கிராமங்களில் அந்நாளில் குடும்பப் பெயர் மனிதருக்குச் சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். ஹுல்ஸ் என்ற முள்ளிலைச் செடி மண்டிக் கிடந்த மேட்டில் எப்போதோ எவனோ வீடு கட்டினான், ஹுல்ஸ்மான் ஆனான். அதன் பிறகு அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டினாலும் அவர் ஹுல்ஸ்மான்தான். ரத்தமெல்லாம் அப்புறம். தேவாலயப் பெஞ்சும் கல்லறை வரிசையும்கூடப் பண்ணைப் பெயருக்கே உரியவை.

கெர்ட் பிறந்தது அந்த வீட்டில். நிலம் அண்ணனுக்குப் போனது. இவர் லிண்ட்ஹோர்ஸ்ட் பண்ணையின் ஒரே மகள் ஆலெகேயைக் கட்டிக்கொண்டு அங்கே போனார். கல்யாணத்தன்றே லிண்ட்ஹோர்ஸ்ட் ஆனார். மாடாய் உழைத்தார். ஆலெகே போய்ச் சேர்ந்தாள். மகன் ஹின்னெர்க் பண்ணையை எடுத்துக்கொண்டதும் பின்கட்டுச் சிறுவீட்டுக்கு ஒதுங்கினார். இதற்கிடையில் அண்ணன் பிள்ளையில்லாமல் செத்தார். நிலப்பிரபு, பெர்ண்ட் என்ற வெளியூர்க்காரனை அங்கே குடிவைத்தார். இப்போது அவன்தான் ஹுல்ஸ்மான்.

மழை ஊறிய நவம்பரில் கெர்ட் அங்கே நடந்து போனார். தான் பிறந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்தார். பெர்ண்டின் மனைவி முகம் கொடுக்காமல் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எங்கம்மா பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. அத எனக்கு விட்டுடுப்பா. பேரு வேணாம், அத நீயே வெச்சுக்க."

"பேர நான் கேட்டா வாங்கினேன் பெரியவரே? எங்கப்பாவே என்னை 'வாங்க மிஸ்டர் ஹுல்ஸ்மான்'னு நக்கல் பண்றாரு." பெர்ண்ட் தரையைப் பார்த்தான். "அந்த இடம் காலியா இல்ல. போன பனிக்காலம் எங்க கொழந்தைய அங்கதான் வெச்சோம். கண்ணத் தொறந்து ஒழுங்கா ஒரு தடவ பாக்கக்கூட இல்ல, பாவி."

கெர்டுக்கு முதலில் வந்தது கோபம்தான். எவன் பிள்ளையோ, என் அம்மா பக்கத்திலா? அதைச் சொல்லவும் வாயெடுத்தார். அடுப்படியில் ரொட்டி கருகும் வாடை வந்தது. அந்தப் பெண் அதைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

"எங்கம்மாவுக்குக் கொழந்தைங்கன்னா உசுரு," என்றார் கெர்ட். "அழ விடமாட்டா."

அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு தட்டில் வந்த ரொட்டியை, கருகல் பக்கத்தோடு சேர்த்து, கெர்ட் முழுசாகத் தின்றார். சேற்றில் நடந்து வீடு திரும்பினார்.

ஹின்னெர்க் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், நான் போனா உங்கம்மா பக்கத்துலயே வெச்சிடு."

மகன் நிமிரக்கூட இல்லை.

"பின்ன வேற எங்க வெப்பாங்களாம் உங்கள?"