படங்கள் இருந்த கோப்புறை

அவள் செய்துவைத்தது எளிய ஏற்பாடு. மென்பொருளின் கோப்புகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கட்டும்போது, எழுத்துக் கோப்புகளில் விட்டுவைத்த வெற்றிடங்களில் வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் தானாக நிரம்பிவிடும். இப்படி நிரப்புவதை வடிகட்டல் என்பார்கள்; படங்கள் மட்டும் அதற்குள் போகக் கூடாது. போனால் அவற்றையும் எழுத்தென்று நினைத்துச் சிதைத்துவிடும். அதனால் படங்களைத் தனிக் கோப்புறையில் போட்டு, அதற்கு வடிகட்டலை நிறுத்தியிருந்தாள்.

யார் எழுதினாலும் இன்னொருவர் சரிபார்த்த பிறகே கட்டுவது அலுவலக வழக்கம். அவளுடையதைச் சரிபார்த்தவன் எதிர் மேசையில் இருக்கும் அவள் கணவன். அவன் பார்த்துக் கொடுத்ததை அவள் மறுபடி திறக்கவில்லை. தாலி கட்டியவனைச் சந்தேகப்படுவாளா?

வாடிக்கையாளர் ஒரு துணிக்கடை முதலாளி. அவருக்கு மென்பொருள் பிடித்துவிட்டால், அலுவலகம் வெளியூரில் திறக்கும் கிளைக்கு அவள்தான் தலைவி என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலாளிக்குப் போட்டுக் காட்டிய அன்று, திரையில் அவர் பெயர் கச்சிதமாக வந்தது. அதற்கு மேலே, கடையைத் தொடங்கி அண்மையில் இறந்துபோன அவருடைய அப்பாவின் படம் வர வேண்டும். வெறும் கட்டம்தான் வந்தது.

“என் பேரு இருக்கு. எங்கப்பாவை என்ன பண்ணினீங்க?” என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

மேலாளர் அவளைத் திட்டவில்லை. கிளைக்கு அவள் கணவனை அனுப்பப்போவதாக மட்டும் சொன்னார்.

மாடிப்படியில் அவனை நிறுத்திக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. படங்களுக்கும் வடிகட்டலைத் திறந்துவிட்டது தான்தான் என்றான்.

“ஒரே வரிம்மா. போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்கினியா?”

“இப்ப நீங்க போறீங்களே.”

“நான் போனா குடும்பம் நிமிரும். நீ போனா ஊர் சிரிக்கும்.”

அவள் நேராக மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டோட வச்சுக்கம்மா. தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் யார் மேலயாவது பழி போடுவாங்க.”

முதலாளியைத் தான் சமாதானப்படுத்திவிட்டதாகவும், மாலைக்குள் சரிசெய்து அனுப்பும்படியும் சொன்னார். சரிபார்க்கப் புதிய தலைவர் இருக்கிறாராம்.

அவள் இருக்கைக்கு வந்து அந்த வரியைத் திருத்தினாள். சரிபார்ப்பவர் என்ற இடத்தில் கணவனின் பெயரைத் தானே தட்டினாள். அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, தோளில் கைவைத்து, திரையை மெதுவாகப் படித்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“பரவாயில்லையே, கத்துக்கிட்டே.”