வெட்டாத ஸ்பிரிங்

மெக்கானிக் மல்லப்பன் வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கை மேஜை வைஸில் இறுக்கிவிட்டு, இரும்பு வெட்டும் கிரைண்டரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார்.

"கட் பண்ணிட்டா திரும்ப ஒட்ட முடியாது தம்பி. யோசிச்சுச் சொல்லு."

ஹேமந்த் யோசித்து முடித்துவிட்டுத்தான் பன்னிமண்டபத்து ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தான். இருந்தாலும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று போனை எடுத்தான். காரியம் கெட்டது அங்கேதான்.

வண்டி அப்பா சுப்பையாவுடையது. மாதேஸ்வரன் மலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வாடகை வண்டி, நெடுநெடுவென்று உயரம். வாங்கிய புதிதில் ஹேமந்தே ஸ்பிரிங்கை வெட்டி அதைத் தாழ்த்திப் பந்தாவாக ஓட்ட ஆசைப்பட்டான். மலை ரோட்டில் அடி தட்டும், வளைவில் குதிக்கும் என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இன்று காலை அதே அப்பா, எதற்கு என்று தெரிந்தும், தானே சாவியை எடுத்து நீட்டினார்.

இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நோய் இடுப்பெலும்பு வரை போயிருந்தது. அம்மா பாக்கியலட்சுமியின் வலது கால் ஒரு சாணுக்கு மேல் எழும்பாது. ஆம்புலன்ஸ் என்றதற்கு, "படுத்துட்டுப் போறதுக்கு இன்னொரு நாள் இருக்குது" என்று வாயை அடைத்துவிட்டாள். நம்ம வண்டியில், முன் சீட்டில், உட்கார்ந்து போகவேண்டும். அதையும்விட, யாரும் தூக்கக்கூடாது. சக்கர நாற்காலிக்குத் தூக்க வந்த இரண்டு நர்சுகளைக் கையாலேயே நிறுத்திவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளே நகர்ந்து உட்கார்ந்தவள். கார்மெண்ட்ஸில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்த உடம்பு அது. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். அழகான பிடிவாதம்.

அவள் ஏறுவதற்காக வண்டியைத் தாழ்த்தப்போவதாக அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். மூச்சு வாங்கும் சத்தம் போனில் கேட்டது.

"நான் ஒருக்கா ஏறறதுக்கு, நாளைக்கும் ஓடற வண்டிய அறுக்கறதா? உங்கப்பன் மலைக்கு ஓட்டோணும் கண்ணு. அடி தட்டி நின்னுச்சுன்னா நானா வந்து தள்ளுவேன்?"

"அப்பறம் எப்படிம்மா ஏறுவ?"

அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. வார்டு ஜன்னலிலிருந்து இத்தனை நாளாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பின்பக்கம், ஆக்சிஜன் சிலிண்டர் இறக்குகிற முழங்கால் உயரச் சிமென்ட் மேடை. வராந்தாவும் மேடையும் ஒரே மட்டம். வண்டியை அதை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். வண்டியைத் தாழ்த்துவதைப் பற்றியே வீட்டில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, படுக்கையில் கிடந்தவள் தரையை உயர்த்தப் பார்த்திருக்கிறாள். மல்லப்பன் தலையை ஆட்டிக்கொண்டே ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினார்.

ஆஸ்பத்திரி மேடையில் சரக்கு மட்டும்தான் என்று வாட்ச்மேன் தடுத்தான். தானும் ஒரு சரக்குதான், இறக்குவதற்குப் பதில் ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்று பாக்கியலட்சுமி கன்னடத்தில் சொல்ல, அவன் சிரித்துவிட்டு ஒதுங்கினான். சுப்பையா அங்குலம் அங்குலமாக வண்டியை ஒட்டிக் கொண்டுவந்தார். கதவின் அடி மேடையை மயிரிழையில் உரசாமல் திறந்தது. ஸ்பிரிங்கை வெட்டி வண்டி இரண்டு விரல் இறங்கியிருந்தால் அந்தக் கதவே திறந்திருக்காது. ஹேமந்த் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், ஒரு சாண் மட்டும் காலை எடுத்து உள்ளே வைத்தாள், உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பெல்ட்டையும் அவளே மாட்டினாள். உலகத்தில் இவளைப் போல் இன்னொருத்தி இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

வீட்டில் மேடை ஏதுமில்லையே, எப்படி இறங்குவாய் என்று கேட்டான். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

மருந்து வாங்கிக்கொண்டு ஹேமந்த் பைக்கில் பின்னால் வந்தான். மேட்டகள்ளியில் வீட்டு வாசலில் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கியிருக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

ஹேமந்த் அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தான். தலை சாயாமல், ரோட்டைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. கையைத் தொட்டான்.

"ரிங் ரோடு தாண்டறப்ப, காத்து நல்லா வருதுன்னு சொன்னா," என்றார் சுப்பையா. "அப்பறம் ஒண்ணும் சொல்லலை."

ஹேமந்த் பெல்ட்டைக் கழற்றினான். ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னாலும் இன்னொன்றை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தான்.

"தூக்காத கண்ணு," என்றார் அப்பா. "செத்த நேரம் இரு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். வாசல் சரிவில் நின்ற வண்டியின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான்.