மதகுச் சக்கரத்தின் இரண்டு பூட்டுகள்

ஊரின் பழைய பகுதிக்குள் வண்டிகள் நுழைவதில்லை. கால்வாய் நீரில் மாடங்கள் தலைகீழாய்த் தொங்கும். காலடி ஓசைகூட அங்கே குரலடக்கித்தான் நடக்கும். அந்த அமைதியைப் பிறருக்குக் காட்டிக் காட்டியே, மூன்று மாதமாய் ஒரே ஒருவரின் அமைதியைக் கெடுத்துவந்தாள் வழிகாட்டி.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அப்பா அங்கே மதகுக்காரர். அடைமழையில் ஒரு நாள் மதகு திறந்தது. பள்ளத் தெரு மூழ்கியது. நான்கு உயிர்கள் போயின. மதகுச் சக்கரத்துக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி மதகுக்காரரிடம். மற்றொன்று கரையோர மாளிகைக்காரரிடம். இரண்டும் திறந்தால்தான் சக்கரம் சுழலும். தன்னைக் கட்டிப்போட்டு மாளிகை ஆட்கள் சாவியைப் பிடுங்கினார்கள் என்றார் அப்பா. நான் உறங்கும்போது என் சாவியை அவன் திருடினான் என்றார் மாளிகைக்காரர். மாளிகை சொன்னது சாட்சியமாயிற்று. குடிசை சொன்னது கூச்சலாயிற்று. அப்பா சிறையிலேயே செத்தார்.

மகள் அழுது தீர்க்கவில்லை. வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தாள். பொய் சொன்ன அதே வாய் உண்மையைக் கக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது. ஊர் பார்க்க வரும் கூட்டத்தை நாள்தோறும் மாளிகைப் படியருகே நிறுத்தி, மேலே சாளரத்தில் இப்போது கிழவராகிவிட்ட மாளிகைக்காரர் அமர்ந்திருக்க, அவர் சொன்ன கதையையே சொல்வாள். உப்பும் காரமும் மட்டும் அன்றாடம் கொஞ்சம் கூடும்.

இன்று அவள் அழைத்து வந்தது வெளியூராரை அல்ல; பள்ளத் தெருக்காரர்களை.

"இங்கதாங்க பெரியவர் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு. மதகுக்காரன் வந்து இடுப்புச் சாவிய உருவினான். மனுசன் புரண்டுகூடப் படுக்கல. துணியையும் சேத்து உருவியிருந்தாக்கூட, எந்திரிச்ச பெறகுதான் தெரிஞ்சிருக்கும்."

"அப்பவே ஆளு அரைப் பொணமா?" என்றாள் தையற்கார அத்தை. கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

சாளரக் கதவு படாரெனத் திறந்தது.

"யாருடி அவ? என் இடுப்புல கை வைக்க இனிமே ஒருத்தன் பொறக்கணும். இந்தச் சாவி ஒரு நிமிசம் என்னை விட்டுப் போனதில்ல. அன்னைக்குப் பூரா நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சிரிப்பு அறுந்தது.

"அப்படின்னா ரெண்டாவது பூட்டைத் திறந்தது யாருங்கய்யா?" வழிகாட்டியின் குரல் ஏறவில்லை.

கிழவரின் கை இடுப்பைத் தடவியது. சொன்ன சொல்லை விழுங்க வழியில்லை.

"என் கிடங்குக்குள்ள தண்ணி வந்துக்கிட்டு இருந்துச்சு," என்று முனகினார்.

தையற்கார அத்தையின் முகம் வெளுத்தது. வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவள் அவள். மதகுக்காரர் முகத்தில் காறித் துப்பியவளும் அவளே.

"தெரியாமப் போச்சும்மா."

"கேக்காமப் போச்சுன்னு சொல்லுங்க, அத்தை. எங்கப்பா தொண்டை கட்டுற வரைக்கும் கத்திக்கிட்டுத்தான் இருந்தாரு."

அத்தை தலை கவிழ்ந்தாள். வழிகாட்டி அவளைத் தேற்றவில்லை. தேற்றும் எண்ணமும் இல்லை.

"இவங்களைக் கூட்டிட்டுப் போயிரும்மா," மேலிருந்து கெஞ்சினார் கிழவர். "உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வெளிய எல்லாம் பாத்துட்டாங்க. உள்ளதான் இன்னும் பாக்கல."

அவள் வாயிற்கதவைத் தள்ளித் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அத்தை முதற்படியில் கால் வைத்தாள்.