சத்தம் போடாத ஆட்டம்

மூத்தவளைப் பெண்பார்க்க வந்தவர்கள் அழைப்புமணியை அடித்ததும் கடிகாரக்காரர் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினார்.

"ஆட்டம் ஆரம்பம், செல்லம். அவங்க போறவரைக்கும் மூச்! ஜெயிச்சா அப்பா தோள்ல ஏத்திப்பேன்."

ஒன்பது வயதுச் சிட்டு தலையாட்டினாள். அவள் தவழ்ந்துதான் நகர்வாள், பேச்சும் குழறும். ஆனால் இந்த ஆட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூத்தவளுக்கு வந்த இரண்டு வரன்கள் சிட்டுவைக் கண்டதும் தட்டிப்போயின. அதற்குப்பிறகு பெற்றவர்கள் கண்டுபிடித்த ஆட்டம் இது. ஊர் வாய்க்குப் பயந்து, பெற்ற பிள்ளையையே திருட்டுப்பொருள் மாதிரி ஒளித்தார்கள்.

கதவு சாத்த வரவில்லை. மரம் உப்பியிருக்கிறது என்று நினைத்து, தோளால் ஓர் இடி இடித்துத் தாழ்ப்பாள் போட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தாள். "ஒரே பொண்ணுதானே?"

"ஆமாங்க," என்றார். மூத்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எங்களுக்கும் அதான் நிம்மதி. போன இடத்துல ஒரு நொண்டிப் புள்ள. நாளைக்கு நம்ம வம்சத்துலயும் வந்துட்டா?"

பேச்சு கனிந்துகொண்டிருந்தது. தம்ளர் எடுக்க எழுந்த சிட்டுவின் அம்மா உள்ளறைக் கதவருகே நின்றுவிட்டாள். கீல் இடுக்கில் இரண்டு விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

"ஐயோ!"

கதவைத் திறந்தார்கள். அக்காவின் அலங்காரத்தைப் பார்க்கும் ஆசையில் சிட்டு, கதவு சாத்துவதற்குள் தவழ்ந்து வந்து இடுக்கில் விரல் வைத்திருக்கிறாள். முகமெல்லாம் கண்ணீர். உதடு இறுகியிருந்தது. நசுங்காத கையை அப்பாவின் தோளை நோக்கி நீட்டினாள். ஜெயித்துவிட்டாளாம்!

கடிகாரக்காரர் மண்டியிட்டுக் குனிந்தார். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"இவ என் ரெண்டாவது பொண்ணுங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "இத மறைச்சிட்டீங்களே!"

"மறைச்சதுதான் தப்பு. இந்த விரல நசுக்கினவன் நான்தான்."

மாப்பிள்ளை தன் அம்மாவின் பின்னாலேயே போய்ச் செருப்பைத் தேடினான். மூத்தவள் வாசல் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்கிய பிறகும் அவள் அதைச் சாத்தவில்லை. அப்போதும் வாயை இறுக்கிக்கொண்டிருந்த தங்கையிடம் வந்து, கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஆட்டம் முடிஞ்சிபோச்சு, சிட்டு. இனிமே அந்த ஆட்டமே கிடையாது. அழுடி."

சிட்டு வாய்விட்டு அழுதாள். அந்தத் தெரு ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டது.