பாதியில் நின்ற கை

ஓடுகிற வண்டியின் எஞ்சினில் கை வைக்காதே என்பது டிரைவரின் வேதம். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் வெறும் டிரைவர்தான். பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே முழிப்பார். அந்த வேதத்தை மனுஷன் பேருந்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார். பத்து வருடத்துப் பழைய மோடம் ஒன்று கூடத்து அலமாரியில் உட்கார்ந்து முக்கி முனகிக்கொண்டிருந்தது அதனால்தான்.

அதற்குச் சட்டை வேறு. அவர் மனைவி தைத்தது. தெருவுக்கு அவள் டெய்லரம்மா. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை என்று இருக்கிற வீட்டில் மோடம் மட்டும் என்ன பாவம் செய்தது? நீலப்பூத் துணியில் ஓரமெல்லாம் சுருக்கு வைத்து, விளக்குகள் தெரிவதற்குச் சட்டைக்குக் காஜா எடுப்பதுபோல நான்கு ஓட்டையும் எடுத்து, அதற்கும் ஒன்று மாட்டிவிட்டிருந்தாள்.

டெய்லரம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாய்ப்பேச்சும் கிடையாது. அதற்காகப் பேசமாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கையும் முகமும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டால் டிரைவரால் குறுக்கே ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் கற்ற சைகை பாதி, புருஷனும் பெண்டாட்டியும் மகளுமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது பாதி. ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலக் காட்டினால் அப்பா. கன்னத்தில் ஒரு விரலால் குழி போட்டால் மகள். நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் கையில் கிடையாது. விரலை நீட்டினால் நீதான், அது புருஷனாக இருந்தாலும் சரி. அவள் கையால் சொன்னதை வாயால் சொன்னதாகவே இங்கே எழுதுவதுதான் மரியாதை.

மகள் ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருக்கிற ஊரில், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். பயணம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அம்மாதான் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ரயில். போய் மூன்று மாதம் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளைக்கு முன்பே பெட்டி கட்டியாகிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு இருபது குட்டிச் சட்டைகள் தைத்து, தையல் உறுத்தக்கூடாது என்று ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து மடித்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை மதியம் டிரைவர் வேலை முடிந்து வந்தபோது கூடத்தின் நடுவே பெட்டி வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடந்தது. குட்டிச் சட்டைகள் வாடிக்கையாளர் துணிகளோடு அலமாரியில் ஏறியிருந்தன. டெய்லரம்மா யாருடைய காற்சட்டையையோ மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் மெஷின் மேசையை இரண்டு தட்டு தட்டினார். அதிர்வு கையில் பட்டால் அவள் நிமிர்வாள்.

"என்ன ஆச்சு?"

"நான் போகலை."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? அவளுக்கு நான் வேண்டாமாம்."

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் மகள் டேப்லெட்டில் கூப்பிட்டிருக்கிறாள். வழக்கம்போலப் படம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது. குழந்தை என்றாள், அழுகை என்றாள், அம்மாவின் காது என்றாள். அப்புறம் திரை முழுக்க வண்ணக் கட்டங்கள். கட்டங்கள் விலகியபோது மகளின் கை உள்ளங்கையை வெளியே காட்டி நின்றது. அவர்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேண்டாம். அந்தக் கை அப்படியே நின்றது. கண் பாதி மூடி, உதடு பாதி திறந்து, முகமும் கடுகடுவென்று நின்றது. இரண்டு நிமிடம் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் இவள். பிறகு இணைப்பே அறுந்துவிட்டது.

"குழந்தை அழுதா உன் காதுக்குக் கேக்காது, நீ வேண்டாம்னுட்டா," என்றாள் டெய்லரம்மா. அந்தக் கையை அப்படியே செய்தும் காட்டினாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அவள் காதில் அந்தப் பழமொழி விழுந்ததில்லை. ஆனால் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது.

டிரைவர் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வீட்டுக்குள் கைபேசிக்கு ஒரு கோடுதான் சிக்னல். பேசுவதற்கு அது போதும்.

"ஐயையோ, அப்பா!" என்று அலறினாள் மகள். "குழந்தை அழுதா எப்படிக் கேக்கும்னு நீ கவலைப்பட வேண்டாம், வான்னு சொன்னேன்ப்பா! அவங்க வரலைன்னா நான் என்ன செய்வேன்?"

அவருக்குப் புரிந்துவிட்டது. 'கவலை' கட்டத்துக்குள் போய்விட்டது. 'வா' வந்து சேரவே இல்லை. நடுவில் இருந்த 'வேண்டாம்' மட்டும் பத்திரமாக வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஓடிவந்து மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.

"நீ திட்டியிருப்ப. திட்டு வாங்கிட்டு வான்னு சொல்றா. அப்படி ஒண்ணும் நான் போக வேண்டாம்."

"சத்தியமா நான் திட்டலை."

"விடு. அவ சொன்னதும் நியாயம்தானே? எனக்குக் கேக்காதுதானே?"

"அவளை வளர்த்தது யாரு? நானா?" என்று டிரைவர் கையை வீசினார். "அந்தத் துணிப்பட்டை மறந்துபோச்சா?"

மறக்குமா? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது டெய்லரம்மா ஒரு மெத்தென்ற துணிப்பட்டையின் ஒரு நுனியைக் குழந்தையின் காலிலும் இன்னொரு நுனியைத் தன் விரலிலும் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே படுப்பாள். குழந்தை அழும் முன்பு காலை உதைக்கும். உதைத்தால் இவள் எழுந்துவிடுவாள். இரண்டு காதும் கணீரென்று கேட்கும் டிரைவர் அடுத்த பாயில் கும்பகர்ணத் தூக்கம் தூங்கிக்கொண்டிருப்பார். அழுகை என்று ஒன்று அந்த வீட்டில் முழுசாக ஆரம்பித்ததே இல்லை.

"அது அப்போ," என்றாள் அவள். "இப்போ அங்க காது கேக்கிறவங்க இருக்காங்க."

சாயங்காலம் மகளே மறுபடி கூப்பிட்டாள். டிரைவர் டெய்லரம்மாவைத் தோளைப் பிடித்து டேப்லெட் முன்னால் உட்கார வைத்தார். திரையில் மகளுக்கு ஒரே நேரத்தில் மூன்று கைகள் முளைத்திருந்தன. தலை ஓரிடத்தில் நிற்க, தோள் நகர்ந்துவிட்டது. ஆனால் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. "அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா, தெரியுதான்னு கேளுங்கப்பா."

"நல்லாத்தானே வருது," என்றார் டிரைவர், பழக்கதோஷத்தில்.

சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டார். ஒரு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டேப்லெட்டைத் தட்டிக்காட்டி மனைவி தலையை ஆட்டிய ஒவ்வொரு தடவையும், 'லைன் நல்லாத்தான் இருக்கு, எனக்குக் கணீர்னு கேக்குது' என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்கிறதாம்! முப்பது வருடம் அவளோடு கையால் பேசிப் பிழைத்தவர் சொல்கிற பேச்சா இது? படம் நின்றால் அவருக்குக் குரல் மிச்சம். அவளுக்கு எதுவும் மிச்சமில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இணைப்புக் கம்பெனியிலிருந்து வருகிற லைன்காரப் பெண் இரண்டு தடவை வந்து, 'மோடத்தை மாத்துங்க சார்' என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இவர்தான் அவளைத் திருப்பி அனுப்பினார்.

அன்றைக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டார். அலமாரி உச்சியில் ஏற்றினார். ஜன்னலில் வைத்தார். உறையைக் கழற்றித் தட்டினார். அது நான்கு விளக்கையும் சிமிட்டியதே தவிர, வேகத்தில் ஒரு மயிரிழையும் கூட்டவில்லை. கடைசியில் மறுநாள் வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டு லைன்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

வியாழன் காலை முதுகில் பையோடு வந்து நின்றாள் அவள். "என்ன சார், ஓடுற வண்டி நின்னுடுச்சா?"

"கிண்டல் பண்ணும்மா, பண்ணு. எனக்கு வேணும். ஆனா இன்னைக்குச் சரியாகணும். என் பொண்ணு வாழ்க்கை விஷயம்மா இது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினாள். சுவரிலிருந்து வந்த ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கித் தன் கருவியில் செருகிப் பார்த்தாள். திரையில் எண் விறுவிறுவென்று ஏறி நூறைத் தொட்டது. அதே ஒயரைப் பழைய மோடத்தில் செருகி, அதன் வழியாகப் பார்த்தாள். மூன்று. கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டரை.

"பாத்தீங்களா சார்? வீட்டு வாசல் வரைக்கும் வேகமாத்தான் வருது. போன வருஷமே லைனை மாத்திட்டாங்க. இந்த மாடலுக்கு அதை வாங்கத் தெரியலை. ஆறு வழிச் சாலை போட்டாச்சு, நீங்க சுங்கச்சாவடியில ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வச்சிருக்கீங்க."

டிரைவருக்கு அது சட்டென்று உறைத்தது. "எனக்குப் பேச்சு மட்டும் நல்லா வருதே?"

"குரல் சைக்கிள் மாதிரி சார், எப்படியாவது நுழைஞ்சு வந்துடும். படம் லாரி."

"இவளுக்குப் படம்தாம்மா பேச்சு," என்று மனைவியைக் காட்டினார் டிரைவர்.

லைன்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். டெய்லரம்மா எதிலும் சம்பந்தமில்லாதவள்போல, தைத்த காற்சட்டையையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, நீங்க வேண்டாம்னாலும் நான் மாத்திட்டுத்தான் போயிருப்பேன் சார்," என்றாள் அந்தப் பெண். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

புது மோடம் இரண்டு கொம்போடு வந்து உட்கார்ந்தது. அதுவரை பாராமுகமாக இருந்த டெய்லரம்மா தையல் டேப்போடு எழுந்துவந்து அதன் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்துவிட்டாள். சூடாகும், மூடக்கூடாது என்று அந்தப் பெண் விசிறிக் காட்டிப் புரியவைக்க வேண்டியதாயிற்று. டெய்லரம்மா அரைமனதோடு அளப்பதைக் கைவிட்டாள்.

டிரைவர் மகளைக் கூப்பிட்டார். திரையில் மகள் வந்தாள். ஒரே ஒரு தலை, இரண்டே கைகள், கன்னத்தில் குழி. நெற்றியில் ஒட்டியிருந்த முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. டெய்லரம்மா ஒரு கணம் மூச்சுவிடாமல் பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போனதோ, முதலில் அவள் கேட்டது இதுதான்.

"தலை வாரலையா நீ? கண்ணுக்குக் கீழ என்ன இவ்வளவு கறுப்பு?"

"அம்மா, அப்புறம் திட்டு. இதை முதல்ல பாரு," என்று மகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் செய்தாள். குழந்தை அழுதா உன் காதுக்கு எப்படிக் கேக்கும்னு கவலை வேண்டாம். உள்ளங்கை வெளியே பார்த்தது. அந்த இடத்தில் டெய்லரம்மாவின் தோள் விறைத்தது. இந்தத் தடவை மகளின் கை அங்கே நிற்கவில்லை. வழுக்கினாற்போல உள்பக்கம் திரும்பி, மகளின் நெஞ்சை நோக்கி வளைந்தது. வா.

"அப்பா சொல்லிக்கொடுத்தாரா?"

"அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க எங்க தெரியும்மா?" என்று மகள் ஒரு துணிப்பட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நுனியை அவள் விரலில் கட்டியிருந்தாள். இன்னொரு நுனியில் ஒரு தலையணை தொங்கியது. "ஒரு வாரமாப் பழகுறேன். முடிச்சு எனக்கு வரலை. ஒண்ணு அவிழ்ந்துடுது, இல்லைன்னா இறுகிடுது. குழந்தை காலு வலிக்குமே. உன் முடிச்சு எப்படிம்மா இறுகாம இருந்தது? காது கேக்கிறவங்க எனக்கு இங்க நிறைய இருக்காங்க. முடிச்சுப் போடத்தான் ஆளில்லை."

டிரைவரின் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த லைன்காரப் பெண்ணுக்குச் சைகையில் ஒரு சொல்லும் தெரியாது. அவளும் அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

டெய்லரம்மா வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையை வெளியே காட்டினாள். அப்படியே நின்றாள். கண் பாதி மூடி, உதடு பாதி திறந்து, அசையவே இல்லை.

"அப்பா!" என்று மகள் வாய்விட்டுக் கத்தினாள். "வேண்டாம்கிறாங்களா? இல்ல, மறுபடி நின்னுடுச்சா?"

லைன்காரப் பெண் பாய்ந்து மோடத்தைப் பார்த்தாள். எல்லா விளக்கும் பச்சைதான். டிரைவர் மனைவியைப் பார்த்தார். நின்ற கை நின்றபடியே இருக்க, அவள் வயிறு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி!" என்றார் அவர்.

சிரிப்பை அடக்கமுடியாமல், பாதியில் நின்ற அந்தக் கையை டெய்லரம்மா மெல்லத் திருப்பினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு அதைத் திரையை நோக்கி, மகளின் கன்னக்குழிக்கு நேராக நீட்டினாள்.

"கவலை வேண்டாம். வரேன்."